தன்னையே நகைப்பது தாழ்ச்சியா, தந்திரமா?



ஒரு வாலிபன் தன் மனத்துக்குப் பிடித்த பெண்ணிடம் முதன்முதலாகப் பேசும்போது சொல்லுகிற வேடிக்கைப் பேச்சைப் பற்றி இந்த வாரம் எழுதப் போகிறோம். "பத்திரிகையில் எழுதுகிற சங்கதியா இது?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் குடித்தனம் தொடங்குகிறவர் எத்தனை பேர்? செஞ்சிக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கும் இடத்திலோ, பாடற்குழுப் பயிற்சியிலோ, வேலை செய்யும் இடத்திலோ ஒருவரையொருவர் காண்கிறார்கள். அப்படி இல்லாவிட்டால் பெண் பார்க்கும் நாளிலாவது, "பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் பேசட்டும்" என்று பெரியவர்கள் எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேசுவது?

பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெண் தரையைப் பார்க்கிறாள். அப்போது அவன், "நான் பாட்டுப் பாடினால் எங்கள் வீட்டு ஆடுகூட எழுந்து போய்விடும், அதனால் பாடச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள்" என்கிறான். பெண் சிரித்துவிடுகிறாள். அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

மிகச் சிறிய காரியந்தான். ஆனாலும் அங்கே நடந்தது என்ன என்று சற்று நிதானித்துப் பாருங்கள். அவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டானா? அல்லது தாழ்ந்தவன்போல் நடித்து அவள் மனத்தைப் பிடித்துக்கொண்டானா? தன்னையே நகைப்பது புண்ணியமா, தந்திரமா, இரண்டுமில்லாத வெறும் பழக்கமா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், நம் பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பையும் கெட்ட சிரிப்பையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். சிரிப்பு கெட்டதன்று. 1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தம்முடைய பெரிய வேதசாஸ்திர நூலில், விளையாட்டையும் வேடிக்கையையும் பற்றித் தனியே ஒரு கேள்வி எழுப்பி ஆராய்ந்திருக்கிறார். உழைத்த உடம்புக்கு உறக்கம் வேண்டியிருப்பதுபோல, உழைத்த மனத்துக்கு வேடிக்கை வேண்டும் என்பது அவர் கருத்து. அளவுக்கு மிஞ்சிக் கேலி பேசுவது குற்றம் என்று சொன்ன அவரே, ஒருபோதும் வேடிக்கை பேசாமல் பிறர் வேடிக்கையையும் பொறுக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவன் மற்றவர்களுக்குச் சுமையாக இருக்கிறான் என்று அதையும் குற்றத்தில் சேர்க்கிறார். நம் திருவள்ளுவரும் பண்புடைமை என்ற அதிகாரத்தில், பிறரோடு கலந்து மகிழ்ந்து சிரிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பட்டப்பகலிலும் இருட்டாகவே கிடக்கும் என்கிறார்.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறளும் இருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. விளையாட்டுக்காகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்பது அதன் கருத்து. ஒரே அதிகாரத்தில், சில குறள் இடைவெளியில், சிரிக்கத் தெரிய வேண்டும் என்றும் சொல்லுகிறார், இகழாதே என்றும் சொல்லுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டுமே! பிறரை இகழாமல் சிரிக்க வைப்பது எப்படி? தன்னையே சிரிப்புக்குப் பொருளாக வைப்பதுதான் அந்த வழி. ஆடு எழுந்து போகும் கதையைச் சொன்ன பையன் அந்த வழியில் போனவன். அவன் பெண்ணின் நிறத்தைப் பேசவில்லை. அவள் தங்கையின் படிப்பைப் பேசவில்லை. காபியில் சர்க்கரை குறைவு என்று குத்திக் காட்டவுமில்லை. தன் பாட்டைத்தான் பலி கொடுத்தான்.

இதற்கு நம்மவரே ஒருவர் பெரிய முன்மாதிரி காட்டியிருக்கிறார். 18-ம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் உழைத்த வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையை எழுதினார். அசட்டு குரு ஒருவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அவருக்கு ஐந்து சீஷர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் கூட்டம் அது. எழுதியவரோ ஒரு குரு. அவருக்கும் சீஷர்கள் உண்டு. சிரிப்புக்கு வேறு எந்தத் தொழில்காரனையும் அவர் தேடிப் போகவில்லை. தம்முடைய இனத்தையே சிரிப்புக்கு இடமாக்கினார். அதனால்தான் அந்தக் கதையைப் படித்து யாருடைய மனமும் நோகவில்லை.

அப்படியானால் விஷயம் முடிந்துவிட்டதா? தன்னைப் பார்த்துச் சிரித்தால் எல்லாம் நல்லதா? இல்லை. இனிமேல்தான் கவனிக்க வேண்டும்.

நம் பழைய இலக்கியத்தில் மடலேறுதல் என்று ஒரு வழக்கம் பேசப்படுகிறது. ஒருத்தியை விரும்பிய ஒருவன், அவளை அடைய முடியாமற்போனால், பனைமட்டையால் குதிரைபோல ஒன்று செய்து அதன்மேல் ஏறி, யாரும் சூடாத எருக்கம்பூவைச் சூடிக்கொண்டு, தெருவின் நடுவே வருவான். ஊரார் கைகொட்டி நகைப்பார்கள். குறுந்தொகையில் இது வருகிறது. திருக்குறளில் நாணுத் துறவுரைத்தல் என்னும் அதிகாரம் இதைப் பேசுகிறது. பெண் மடலேறுவது வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்லுகிறது. ஓர் ஆண்மகன் தான் விரும்பிய பெண்ணுக்காகத் தன்னைத்தானே ஊர் சிரிக்கும் பொருளாக்கிக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு யாரைச் சுட்டது? மடலேறியவன் தன் நாணத்தை விட்டான், வாஸ்தவந்தான். அவனோடு அந்தப் பெண்ணின் பெயரும் தெருவுக்கு வந்தது. "இன்னாள் வீட்டுப் பெண்ணால் இவன் இப்படி ஆனான்" என்று ஊர் பேசும். அவள் வீட்டார் தலைகுனிவார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தாவது பெண்ணைக் கொடுக்கட்டும் என்பதே அதன் உள்நோக்கம். பெரும்பாலும் ஏறுவதற்கு முன்பே, "ஏறிவிடுவேன்" என்று சொல்லும் மிரட்டலாகவே அது பாட்டுகளில் வருகிறது. ஆக, அவன் தன்னைத் தாழ்த்தியது அவள் "மாட்டேன்" என்று சொல்லும் வழியை அடைப்பதற்காகவே. பார்ப்பதற்குத் தாழ்ச்சி, செய்கையில் முற்றுகை.

முற்றுகை என்றதும் நம் ஊர்ப் பக்கத்தாருக்கு ஒன்று நினைவுக்கு வரும். செஞ்சிக் கோட்டையை 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வளைத்துக்கொண்டார். 1698-ல்தான் அது வீழ்ந்தது. ஏறக்குறைய 8 வருஷம் காத்திருந்தும் சுற்றியிருந்தும் பிடித்த கோட்டை அது. இப்போது 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். கோட்டையைப் பிடிப்பவனுக்கு அந்தப் பொறுமை புகழ். பெண்ணின் மனத்தைப் பிடிக்கப் போகிறவனுக்கு அதே பொறுமை புகழாகுமா? சினிமாவில் ஆகும். கதாநாயகன் பின்னாலேயே போவான், தடுக்கி விழுவான், அடி வாங்குவான், தன்னைக் கோமாளியாக்கிக்கொள்வான், கடைசியில் அவள் சிரித்துவிடுவாள், உடனே ஒரு பாட்டு. படம் பார்த்து வருகிற நம் பையன், "அவள் சிரிக்கும்வரை விடக்கூடாது" என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டு வருகிறான். கோட்டைக்கு "வேண்டாம்" என்று சொல்ல வாயில்லை. பெண்ணுக்கு உண்டு.

"அவன் வேடிக்கையாகத்தானே பேசினான், கெட்ட எண்ணம் இல்லையே" என்று பெற்றோர் சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1998-ல் பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, சில ஆண்களின் "வேடிக்கை"க்கு இரையாகி உயிரிழந்ததை ஒட்டி வந்த சட்டம் அது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓயாமல் பின்தொடர்வதை 2013 முதல் நாடு முழுவதற்குமான தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் அது குற்றமே. பின்தொடர்கிறவன் சிரித்துக்கொண்டு பின்தொடர்ந்தானா, முறைத்துக்கொண்டு பின்தொடர்ந்தானா என்று சட்டம் கேட்பதில்லை. பயந்து நடக்கும் பெண்ணும் கேட்பதில்லை.

ஆகையால் முதல் சோதனை இதுதான்: நான் என்னைப் பார்த்துச் சிரித்ததனால், அவளுக்கு "இல்லை" என்று சொல்லுவது எளிதாயிற்றா, கடினமாயிற்றா? பாட்டைப் பற்றிச் சொன்ன பையன் கதவைத் திறந்து வைத்தான். "நான் பெரிய வீரன் இல்லை; என்னைக் கண்டு பயப்பட வேண்டாம்; பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லலாம்" என்பது அந்த வேடிக்கைக்குள் இருந்த செய்தி. மடலேறியவன் கதவைச் சாத்தினான். இரண்டு பேரும் தங்களையே நகைத்தவர்கள். ஆனாலும் ஒருவன் செய்கைக்கும் மற்றவன் செய்கைக்கும் எவ்வளவு தூரம்!

இரண்டாவது சோதனை உண்மையைப் பற்றியது. அரிஸ்டாட்டில் என்ற கிரேக்க அறிஞர் ஒழுக்க நூலில் மூன்று வகை மனிதரைக் காட்டுகிறார். தனக்கு இல்லாததை உண்டென்று சொல்லுகிறவன் ஒருவன், அவன் தற்பெருமைக்காரன். தனக்கு இருப்பதை இல்லையென்று சொல்லுகிறவன் மற்றொருவன். உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவன் மூன்றாமவன், அவனே மெய்யன். தன்னைக் குறைத்துப் பேசுகிறவன் தற்பெருமைக்காரனைவிடக் கொஞ்சம் நல்லவனாகத் தோன்றினாலும், அவனும் மெய்யை விட்டு விலகினவனே என்கிறார். அர்ச். தோமாஸும் இதை எடுத்துக்கொண்டு, தன்னைப்பற்றிப் பொய்யாகத் தாழ்த்திச் சொல்லுவதும் பொய்யே என்று தீர்க்கிறார். இன்னும் ஒன்று: அளவுக்கு மிஞ்சிய எளிமைக் கோலமே ஒரு பெருமை என்று அரிஸ்டாட்டில், ஸ்பார்ட்டா நாட்டாரின் உடையைச் சுட்டிச் சொல்லுகிறார். நம் ஊரிலும் பார்க்கிறோமே! "எனக்கு என்ன தெரியும், நான் ஒரு மக்கு" என்று சொல்லிவிட்டு, பரீட்சையில் முதலாவதாக வந்ததை எதிராளி தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பவர்களை.

1609-ல் வெளிவந்த தம் நூலில் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் இந்த வியாதியை அப்படியே பிடித்துக் காட்டுகிறார். நாம் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று அடிக்கடி சொல்லுகிறோம். ஆனால் யாராவது அதை நம்பி, "ஆமாம், அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்! ஓடி ஒளிவதுபோலப் பாவனை செய்வது, பிறர் நம்மைத் தேடி வர வேண்டும் என்பதற்காகவே. இது அவர் சொன்னதன் சாரம். இளைஞர்கள் கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல உரைகல் கிடையாது. உன்னைப்பற்றி ஒரு வேடிக்கை சொல்லுகிறாய். அவள், "நீங்கள் சொன்னது சரிதான்" என்று சிரிக்கிறாள். அப்போது உன் மனம் அவளோடு சேர்ந்து சிரித்தால், நீ சொன்னது வேடிக்கை. உள்ளே சுருக்கென்று தைத்தால், நீ நீட்டியது பிச்சைப் பாத்திரம். "இல்லையில்லை, நீங்கள் நல்லவர்" என்ற பதிலைப் போடும்படி நீட்டினாய், அவள் போடவில்லை, அதனால் வலிக்கிறது.

இங்கே பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "நான் கறுப்பு; என்னை யார் கட்டுவார்கள்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பெண்களை நாம் அறிவோம். அது வேடிக்கை அன்று. வீட்டில் அத்தையும் பெரியம்மாளும் பல வருஷம் சொல்லிச் சொல்லி உண்டாக்கிய புண்ணின்மேல் போட்ட துணி அது. மற்றவர் சொல்லி நோகுமுன் நானே சொல்லிவிடுகிறேன் என்று முந்திக்கொள்கிறாள். தாய்மாரே, உங்கள் மகள் தன் நிறத்தையோ உடம்பையோ பழித்துச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பை அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று யோசித்துப் பாருங்கள். தான் திருத்திக்கொள்ளக்கூடிய சின்னக் குறையைப் பற்றி, அல்லது திருத்தாவிட்டாலும் யாருக்கும் நோகாத குறையைப் பற்றிச் சிரிப்பது ஆரோக்கியம். பிறப்பிலே வந்ததைப் பழித்துச் சிரிப்பது படைத்தவரின் கைவேலையைக் கேலி செய்வதாகும்.

கலித்தொகையில் ஒரு பாட்டு உண்டு, மருதக்கலியில் வருவது. அரண்மனையில் வேலை செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் பேசிக்கொள்வதாக அது அமைந்திருக்கிறது. அவன் அவளை விரும்பி வழிமறித்துப் பேசுகிறான். அவள் அவன் குட்டை உருவத்தை இகழ்கிறாள். அவன் அவள் கூனை இகழ்கிறான். ஏச்சுக்கு ஏச்சாகப் பேச்சு வளர்கிறது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு, பேசுகிற இருவருக்கும் உள்ளே எரிச்சல். இனி இகழ்வதில்லை என்று அரசன் அடியைத் தொட்டு ஆணையிட்ட பிறகே அவர்களுக்குள் இணக்கம் உண்டாகிறது. உலகம் முழுவதும் தங்களைப் பார்த்துச் சிரிக்க இடம் இருந்த அந்த இருவருக்கும், ஒருவர் மற்றவரிடத்தில் மட்டும் அந்தச் சிரிப்பில்லாத இடம் வேண்டியிருந்தது. நல்ல குடும்பம் என்பது அந்த இடந்தானே?

இனி மூன்றாவது சோதனை. வேடிக்கையை வைத்துக்கொண்டு முக்கியமான உண்மையை மறைக்கலாமா?

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, 1957-ல் மறைந்தவர். டி. ஏ. மதுரமும் அவரும் சேர்ந்து நடித்த காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அசடு வழிபவர் அவர். புத்தி சொல்லித் திருத்துகிறவர் மதுரம். ஆண்பிள்ளை தோற்று, பெண்பிள்ளை ஜெயித்து, அரங்கம் முழுவதும் சிரித்த காலம் அது. தாம் தோற்பதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. 1936-ல் வெளிவந்த 'வசந்தசேனா' படத்தின் வேலையில் ஏற்பட்ட பழக்கம் அவர்கள் விவாகத்தில் முடிந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் அவர் கைதாகி, 1945-ல் தண்டனை பெற்று, 1947-ல் விடுதலையாகும்வரை அவருக்காக அலைந்து போராடியவர் மதுரம். சிரிப்பில் தொடங்கிய உறவு கண்ணீரையும் தாங்கிற்று என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அவர் மதுரத்தை மணந்தபோது முன்பே மணமானவர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஆகையால் அவர் குடும்ப வாழ்வை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நாம் காட்ட வரவில்லை. அவர் காலத்துச் சட்டமும் வழக்கமும் வேறு. நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றே: எவ்வளவு இனிய சிரிப்பானாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் வேலையை அது செய்யாது. வேலை நிரந்தரமா, கடன் எவ்வளவு, வியாதி உண்டா, வேறிடத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "நான் பெரிய குடிகாரன்" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்ல, பெண் அதை வேடிக்கை என்று நம்பி, கலியாணத்துக்குப் பிறகு அது உண்மை என்று கண்டால், "நான்தான் முதலிலேயே சொன்னேனே" என்று அவன் சாதிப்பதற்கு நியாயம் உண்டா? உண்மையைச் சிரிப்பில் பொதிந்து கொடுத்து ஏமாற்றுவது, பொய்யைச் சொல்லி ஏமாற்றுவதைவிட ஒரு படி கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. அவ்வளவுதான்.

இதைச் சேர்ந்த இன்னொரு தந்திரமும் உண்டு. மனத்தில் இருப்பதை விளையாட்டாகக் கேட்டுப் பார்ப்பது. அவள் முகம் மாறினால், "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்று பின்வாங்குவது. "இதில் என்ன தப்பு? இரண்டு பேருக்கும் மானம் தப்புகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூச்சமுள்ளவனுக்கு முதல் வார்த்தையை எடுக்க ஒரு வேடிக்கை கைகொடுக்குமானால் கொடுக்கட்டும். ஆனால் கேள்வியையே வேடிக்கையாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அவள் "ஆம்" என்றாலும் நிச்சயமில்லாமல் தவிக்கிறாள். "இல்லை" என்றால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன பைத்தியக்காரி ஆகிறாள். தன் மானத்தைக் காப்பாற்ற அவளுடைய மானத்தைச் செலவழித்தான். ஆகையால் முன்னுரை சிரிப்பாக இருக்கலாம். கேள்வி தெளிவாக இருக்கட்டும். அவள் மறுத்தால், "சொன்னதற்கு வந்தனம்" என்று சொல்லி, சொன்னதை வாபஸ் வாங்காமல், மரியாதையாக விலகிப் போகட்டும். அந்த விலகிப் போவதில்தான் அவன் ஆண்மை தெரியும்.

மூன்று சோதனையிலும் தேறிய ஒருவரை இனிக் காட்டுவோம். ஜி. கே. செஸ்டர்டன் என்ற ஆங்கில எழுத்தாளரை நம்மில் படித்தவர்கள் அறிவார்கள். 1922-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். 1898-ல் லண்டனில் ஒரு பூங்காவில் பிரான்செஸ் என்ற பெண்ணிடம் தம் விருப்பத்தைச் சொன்னார், அவரும் சம்மதித்தார். கையில் காசில்லாத காலம். நிச்சயமான பின் அவர் எழுதிய ஒரு கடிதத்தில், தம் ஆஸ்தி முழுவதையும் கணக்கெடுத்து எழுதினார். ஒரு வைக்கோல் தொப்பி, ஒரு கைத்தடி, ஒரு கவிதைப் புத்தகம், ஒரு பேனாக்கத்தி என்று இப்படிப் போகும் ஜாபிதா. ஓர் இருதயமும் உண்டாம், எங்கேயோ வைத்துவிட்டாராம்! படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. "என்னிடம் பணமில்லை" என்ற மிக முக்கியமான உண்மையை அவர் மறைக்கவில்லை. அவருக்கு வாழ்க்கைப்படப்போகிறவர் அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வரிசையாக எடுத்து வைத்தார். "ஐயோ, ஏழை" என்று இரக்கம் கேட்கவுமில்லை. அவர்கள் 1901 ஜூன் 28-ல் விவாகம் செய்துகொண்டார்கள். 1936-ல் அவர் மரிக்கும்வரை 35 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

நம் பக்கத்து மாப்பிள்ளை ஒருவன் இதே காரியத்தைச் செய்தால் எப்படி இருக்கும்? "பைக் என்னுடையதுதான், ஆனால் இன்னும் பதினோரு மாதத்துக்குப் பாதி பைனான்ஸ்காரருடையது. நிலம் ஒன்றரை ஏக்கர். அதில் கிணறு உண்டு, தண்ணீர்தான் சித்திரையில் லீவு எடுத்துக்கொள்ளும்." பெண் சிரிக்கிறாள். சிரித்து முடிக்கும்போது அவளுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் போய் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல வேண்டிய விவரம் அவள் கையில் இருக்கிறது. இப்படி ஒருவன் தன்னைப் பார்த்துச் சிரித்தால், அவன் தாழ்ச்சி உள்ளவன் என்று நம்பலாம். ஏனென்றால் தாழ்ச்சி என்பது தன்னை மண்ணாக்கிக்கொள்வதன்று. தன்னை உள்ள அளவில் காண்பதே. உள்ள அளவில் தன்னைக் காண்கிறவனுக்குச் சிரிப்பு தானாகவே வரும். நாம் ஒவ்வொருவரும் கொஞ்சம் வேடிக்கையான பிராணிகள்தானே!

பெற்றோரே, கடைசியாக உங்களுக்கு ஒன்று. பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் கற்றுக்கொள்வார்கள். அப்பா தன் தப்பைச் சொல்லித் தானே சிரிக்கிற வீட்டில் வளர்ந்த பையனுக்கு, வெளியே போய் வீரம் பேச வேண்டிய அவசியம் இராது. அம்மாவின் சமையலையும் பிறந்த வீட்டையும் கேலி செய்து அப்பா சிரிக்கிற வீட்டில் வளர்ந்தவன், தான் விரும்பும் பெண்ணிடமும் அதே சிரிப்பைத்தான் கொண்டுபோவான். "வேண்டாம்" என்று மகள் சொன்னால் அதை மதிக்கிற வீட்டில் வளர்ந்த மகன், பிறர் மகள் சொல்லும் "வேண்டாம்" என்பதையும் மதிப்பான்.

ஆகவே, வாலிபனே, உனக்குப் பிடித்தவளிடம் பேசப் போகிறாயா? பயப்படாமல் போ. உன்னைப் பார்த்து நீயே ஒரு தரம் சிரித்துக்கொள், அவளும் சிரிக்கட்டும். சொல்லுவது மெய்யாக இருக்கட்டும். பிறகு கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் நில். பதில் சொல்லும் முறை அவளுடையது.